ஏரிக்கரையில் எட்டு நாட்கள்: அக்காவின் கண் முகாமும் எங்கள் வீட்டுச் செய்திகளும்

முதல் நாள், சனிக்கிழமை: லிலோங்வே

எங்கள் குடும்பத்தில் யார் வெளிநாடு போனாலும் திரும்பி வந்து பெட்டியைப் பிரிக்கும்போதுதான் கதை சொல்வார்கள். இந்த முறை அன்றன்று இரவே எழுதி அனுப்பிவிட வேண்டும் என்று தங்கை கட்டளையிட்டிருக்கிறாள். 84 வயதான அம்மாவைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு பல ஆண்டுகளாக என்னுடையது. அதை எட்டு நாளைக்குத் தான் ஏற்றுக்கொள்வதற்கு அவள் கேட்ட கூலி இந்த நாட்குறிப்பு.

அக்கா அரசு மருத்துவமனைகளில் 33 ஆண்டுகள் கண் மருத்துவராகப் பணியாற்றிச் சென்ற ஆண்டு ஓய்வு பெற்றார். பணியில் இருந்த காலத்திலேயே ஆண்டுக்கொருமுறை விடுப்பு எடுத்துக்கொண்டு எங்காவது ஒரு நாட்டில் நடக்கும் கண்புரை முகாமுக்குப் போய்வருவார். இந்த ஆண்டு தென்கிழக்கு ஆப்பிரிக்காவில் உள்ள மலாவி. வழக்கமாக உடன் செல்லும் பதிவேட்டுக்காரருக்கு முதுகுவலி வந்துவிட்டதால் அந்த இடத்துக்கு நான் வந்திருக்கிறேன். கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை. அதுவே போதும் என்கிறார் அக்கா.

அடிஸ் அபாபாவில் விமானம் மாறி, பிற்பகலில் மலாவியின் தலைநகர் லிலோங்வேயில் இறங்கினோம். எங்கள் உடைகள் ஒரே பெட்டியில் அடங்கிவிட்டன. மற்ற மூன்று பெட்டிகளிலும் லென்ஸ்கள், சொட்டு மருந்துகள், கத்திகள், நீலச் சாயக் குப்பிகள். இவை ஒவ்வொன்றின் பெயரும் எண்ணிக்கையும் காலாவதித் தேதியும் எழுதிய பட்டியலை அக்கா முன்கூட்டியே இந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையத்துக்கு அனுப்பி அனுமதி வாங்கியிருந்தார். வெளிநாட்டு மருத்துவர் இங்கே நோயாளியைத் தொட வேண்டுமானால் மலாவி மருத்துவ மன்றத்தின் தற்காலிகப் பதிவும் வேண்டும். அதுவும் கையில் இருந்தது. புறப்படுவதற்கு முந்தைய வாரம் தெரிந்தவர் ஒருவர் மூன்று மாதத்தில் காலாவதியாகும் சொட்டு மருந்துகளை அன்புடன் கொண்டுவந்து கொடுத்தபோது அக்கா அதே அன்புடன் திருப்பிக் கொடுத்துவிட்டார். நன்கொடை மருந்து போய்ச் சேரும்போது குறைந்தது ஓர் ஆண்டாவது ஆயுள் மிச்சமிருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். காலாவதியான மருந்தை அழிக்கும் செலவையும் ஏழை நாட்டின் தலையில் கட்டுவது தானம் ஆகாது என்றார்.

ஒரு டாலருக்கு இந்நாட்டுப் பணத்தில் 1,700 குவாச்சாவுக்கு மேல் கொடுத்தார்கள். சட்டைப்பையில் பணம் புடைத்துக்கொண்டிருப்பது என் வாழ்வில் இதுவே முதல் முறை.

இரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை: ஏரியை நோக்கி

லிலோங்வேயிலிருந்து கிழக்கே சலிமாவுக்குச் சுமார் 100 கிலோமீட்டர். மேட்டுநிலத்திலிருந்து சாலை சரிந்து இறங்க இறங்கக் குளிர் விலகியது. ஜூலை இங்கே வறண்ட குளிர்காலம். மக்காச்சோள அறுவடை முடிந்து மக்களுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கிற மாதம் என்பதாலும், மழைக்காலத்தில் பல மண்சாலைகள் சேறாகிவிடும் என்பதாலும் முகாமுக்கு இந்த நேரத்தைத் தேர்ந்திருக்கிறார்கள். கீழே வந்ததும் பாவோபாப் மரங்கள் தென்படத் தொடங்கின. மன்னாரில் பெருக்கமரம் என்பார்களே, அதே மரம்தான். இலையுதிர்த்த நிலையில் வேரைப் பிடுங்கித் தலைகீழாக நட்டதுபோல் நின்றது.

நாங்கள் தங்கியிருப்பது சலிமாவுக்கு அப்பால் ஏரியை ஒட்டிய ஓர் ஊர். நோயாளிகளைப் பற்றி எழுதப்போவதால் ஊரின் பெயரையும் மருத்துவமனையின் பெயரையும் தவிர்க்கிறேன்.

மாலையில் மலாவி ஏரியைப் பார்த்தோம். ஏறத்தாழ 580 கிலோமீட்டர் நீளமுள்ள நீர்ப்பரப்பை ஏரி என்று சொல்ல நாக்கு கூசுகிறது. அலை அடிக்கிறது, எதிர்க்கரை தெரியவில்லை, ஒரே மரத்தைக் குடைந்து செய்த ஓடங்கள் வரிசையாகக் கிடக்கின்றன. நெத்திலியைப் போன்ற உசிபா என்னும் பொடிமீனை நாணல் தட்டிகளில் உலர்த்தியிருந்தார்கள். காலை நனைக்கப் போன என்னை அக்கா சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டார். கரையோர நத்தைகளிலிருந்து பரவும் பில்ஹார்சியா என்ற ஒட்டுண்ணி தோல் வழியாகவே உடலுக்குள் புகுந்துவிடுமாம். 58 வயதில் தண்ணீரில் இறங்கியதற்காகத் திட்டு வாங்கிய செய்தி அம்மாவுக்கு மகிழ்ச்சி தரும் என்று நம்புகிறேன்.

மூன்றாம் நாள், திங்கட்கிழமை: பரிசோதனை

காலை ஆறரை மணிக்கு மருத்துவமனை முற்றத்தில் நுழைந்தபோது இருநூறு பேருக்குமேல் தரையில் அமர்ந்திருந்தார்கள். பலர் முந்தைய நாளே வந்துவிட்டவர்கள். சிலரைக் கபாசா எனப்படும் வாடகை மிதிவண்டியின் பின்னிருக்கையில் உட்கார வைத்து அழைத்து வந்திருந்தார்கள். பார்வையற்ற ஒவ்வொருவருடனும் ஒரு துணை உண்டு. துணைக்கு வருபவரை இங்கே ‘கார்டியன்’ என்கிறார்கள். நோயாளிக்குச் சமைப்பதும், துணி துவைப்பதும், கழிப்பறைக்கு அழைத்துச் செல்வதும் அவர்கள் வேலை. அவர்கள் தங்கிச் சமைப்பதற்கென்றே மருத்துவமனை வளாகத்தில் ஒரு கொட்டகை இருக்கிறது. துணைக்கு வந்தவர்களில் பாதிப்பேர் பள்ளிக்குப் போகும் வயதுச் சிறுமிகள். பாட்டியின் கண்ணில் விழுந்த புரை பேத்தியின் படிப்பையும் மறைத்துவிடுகிறது என்று அக்கா பலமுறை சொல்லியிருக்கிறார். ஒரு கோலின் ஒரு முனையைப் பாட்டியும் மறு முனையைப் பேத்தியும் பிடித்துக்கொண்டு வரிசையில் நகர்ந்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு அது விளங்கியது.

இந்த மருத்துவமனையின் கண் பிரிவை நடத்துபவர் ஒரு பெண்மணி. இவர் மருத்துவப் பட்டம் பெற்றவர் அல்லர். கண் சிகிச்சையில் தனிப்பயிற்சி பெற்ற ‘கிளினிக்கல் ஆபீசர்’ என்ற நிலையில் உள்ளவர். அதற்கும் மேல் பயிற்சி எடுத்துக் கண்புரை அறுவைசிகிச்சையும் செய்கிறார். இரண்டு கோடிக்கு மேல் மக்கள் வாழும் இந்த நாட்டில் கண் மருத்துவர்கள் மிகச் சிலரே என்பதால் மாவட்டங்களில் கண் சிகிச்சையின் பெரும் சுமையை இவர்கள்தான் தாங்குகிறார்கள். இமையை உள்நோக்கி மடித்துக் குருடாக்கும் டிரக்கோமா நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து மலாவி ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2022இல் அறிவித்தது. அந்த வேலையில் கிராமம் கிராமமாக அலைந்தவர்களில் தாமும் ஒருவர் என்று அவர் சொன்னபோது குரலில் சற்றுப் பெருமை இருந்தது.

எனக்குக் கொடுத்த வேலை பதிவேடு. பெயர், வயது, ஊர் என்று நான் கோடு போட்டுக் கொண்டுவந்திருந்ததைப் பார்த்து அந்த அம்மையார் சிரித்துவிட்டு மேலும் நான்கு கட்டங்கள் சேர்க்கச் சொன்னார்: மரபுவழித் தலைவரின் ஆளுகைப் பகுதி, கிராமத் தலைவரின் பெயர், அப்பகுதிச் சுகாதாரப் பணியாளரின் பெயர், தொலைபேசி எண் யாருடையது என்ற விவரம். தெருப் பெயரும் கதவு எண்ணும் இல்லாத இடத்தில் ஒரு மனிதரை மீண்டும் கண்டுபிடிக்க வேறு வழியில்லை. பின்னால் யாரையும் தேடிப் போகும் உத்தேசம் இல்லாதவன் போட்ட கோடு என்னுடையது.

பார்வையை அளப்பதற்கு எழுத்தறிவு தேவையில்லை. பல திசைகளில் திரும்பிய ஆங்கில ‘ஈ’ (E) எழுத்தின் கால்கள் எந்தப் பக்கம் என்று கையால் காட்டினால் போதும். அதுவும் தெரியாதவர்களுக்கு விரல்களை எண்ணச் சொல்கிறார்கள். விரலும் தெரியாவிட்டால் கை அசைவு. அதுவும் இல்லையென்றால் டார்ச் ஒளி. ஒளி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று சரியாகச் சொல்பவருக்குப் புரைக்குப் பின்னால் விழித்திரை உயிருடன் இருக்கிறது என்று நம்பிக்கை வைக்கலாம்.

இரண்டு நாள் பயணம் செய்து வந்திருந்த ஒரு பெரியவருக்கு ஒளியும் தெரியவில்லை. கண் அழுத்த நோய் பார்வை நரம்பை முழுவதுமாகத் தின்றுவிட்டது. கண்புரை போல இதை எடுத்துப் போட்டுச் சரிசெய்ய முடியாது. அவர் அருகில் தரையில் அமர்ந்து, கிளினிக்கல் ஆபீசர் மொழிபெயர்க்க, அக்கா ஏறக்குறைய இருபது நிமிடம் பேசினார். வரிசை நீண்டுகொண்டிருந்தது. எனக்குப் பொறுமை போய்விட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ‘ஸிகோமோ’ என்று நன்றி சொல்லி எழுந்தார். அவருடைய பிள்ளைகளுக்கும் கண் அழுத்தம் பார்க்க வேண்டும் என்பதை என் பதிவேட்டில் தனியாக எழுதச் சொன்னார்கள்.

இரண்டு கண்ணும் வெளுத்திருந்த நான்கு வயதுக் குழந்தை ஒன்றும் வந்தது. குழந்தைக்கு முழு மயக்கம் கொடுத்துத்தான் அறுக்க முடியும்; அந்த வசதி இங்கில்லை. தெற்கே ப்ளான்டையருக்கு அனுப்பக் கடிதம் எழுதினார்கள்.

நான்காம் நாள், செவ்வாய்க்கிழமை: அறுவை அரங்கு

அக்கா அறுவைசிகிச்சை செய்வதை இதுவரை நான் பார்த்ததில்லை. 33 ஆண்டுகளில் ஒருமுறைகூடப் பார்க்கத் தோன்றவில்லை என்பதை நினைத்தால் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

அரங்கில் இரண்டு மேசைகள். ஒன்றில் அக்கா, மற்றதில் கிளினிக்கல் ஆபீசர். விழியைச் சுற்றி மரத்துப்போக ஊசி போட்டு, அயோடின் கரைசலால் கண்ணைக் கழுவுகிறார்கள். பின்னால் சீழ் பிடிக்காமல் காப்பதில் இந்தக் கழுவலுக்கே முதலிடமாம். பிறகு வெள்ளைவிழியில் ஆறேழு மில்லிமீட்டர் அகலத்துக்குச் சாய்வாக ஒரு சிறு சுரங்கம் வெட்டுகிறார்கள். முற்றிய புரையின் வெண்மையில் அதன் மேலுறை கண்ணுக்குப் புலப்படாது என்பதால் நீலச் சாயம் செலுத்துகிறார்கள். உறை நீலமாகத் தெரிந்ததும் அதை வட்டமாகக் கிழித்துத் திறந்து, பழுத்த கொட்டையைப் போன்ற புரையை அந்தச் சுரங்கத்தின் வழியே வெளியே வழுக்கி எடுக்கிறார்கள். காலியான உறைக்குள் லென்ஸைப் பொருத்துகிறார்கள். சுரங்கம் கண்ணின் உள்ளழுத்தத்தாலேயே தானாக மூடிக்கொள்கிறது, தையல் இல்லை. விலையுயர்ந்த இயந்திரம் எதுவும் வேண்டாம், மின்சாரம் தடைபட்டாலும் மின்கலத்தில் ஓடும் நுண்ணோக்கியின் விளக்கே போதும். அக்காவுக்கு ஒரு கண்ணுக்கு எட்டு நிமிடம் ஆகிறது.

பொதியுறையிலிருந்து எடுக்கும்போது லென்ஸ் சட்டையின் சிறு பொத்தானைப் போல இருந்தது. போர் விமானிகளின் கண்ணில் தெறித்துத் தங்கிய பிளாஸ்டிக் துண்டுகளைக் கண் வெறுத்து ஒதுக்கவில்லை என்பதைக் கவனித்து, ஹெரால்டு ரிட்லி என்ற மருத்துவர் 1949 நவம்பரில் லண்டனில் முதன்முதலாக இப்படியொரு லென்ஸை மனிதக் கண்ணில் வைத்தார். வெகுகாலம் அது வசதி படைத்தவர்களுக்கானதாகவே இருந்தது. நாங்கள் கொண்டுவந்த பெட்டியின் மேல் மதுரை என்று அச்சிட்டிருக்கிறது; 1992இல் அங்கே தொடங்கிய அரோலேப் ஆலைதான் இதன் விலையை ஏழைகளுக்கு எட்டும்படி இறக்கியவற்றில் முதன்மையானது.

அக்காவுக்கு இங்கே பேசும் சிச்சேவா மொழியில் மூன்று சொற்றொடர்கள் தெரியும். நோயாளி மேசைக்கு வந்ததும் ‘முலி ப்வாஞ்சி, அகோகோ’, அதாவது நலமா தாத்தா, அல்லது நலமா பாட்டி. அகோகோ இருவருக்கும் பொது. ஊசிக்கு முன் ‘முசாவோபே’, பயப்படாதீர்கள். வெட்டும்போது ‘யங்கனானி பான்சி’, கீழே பாருங்கள். இந்த மூன்றை வைத்தே நாள் முழுவதும் ஓட்டிவிட்டார். 31 பேர்.

ஐந்தாம் நாள், புதன்கிழமை: கட்டுப் பிரிப்பும் ஒரு தொலைபேசி அழைப்பும்

கட்டுப் பிரிக்கும் காட்சியைப் பற்றி நான் கேள்விப்பட்டிருந்தது ஆட்டமும் பாட்டமும்தான். அதுவும் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் பெரும்பாலோர் அமைதியாகவே இருந்தார்கள். ஒரு மூதாட்டி கட்டு அவிழ்ந்ததும் தம் கைகளின் பின்புறத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கோலின் மறுமுனையில் இருந்த பேத்தியை அவருக்கு அடையாளம் தெரியவில்லை; அவர் கடைசியாகப் பார்த்தபோது அந்தப் பெண்ணுக்கு இரண்டு வயதாம்.

இருவருக்குப் பார்வை எதிர்பார்த்த அளவு வரவில்லை. அவர்களை அக்கா தனியே வைத்து மறுபடி மறுபடி பரிசோதித்துக்கொண்டிருந்தார்.

மாலை நான்கு மணிக்குத் தங்கை அழைத்தாள். வீட்டில் அப்போது இரவு ஏழரை. அம்மா பின்கட்டில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்திருக்கிறது. தங்கையே மருத்துவமனைக்கு அழைத்துப் போய், எலும்பை நேராக்கி மாவுக்கட்டுப் போட்டு, வீட்டுக்கும் அழைத்து வந்துவிட்ட பிறகுதான் எங்களிடம் சொல்கிறாள். அம்மாவும் பேசினார், வலி பரவாயில்லை, இடது கையால் சாப்பிடுவதுதான் அவமானமாக இருக்கிறது என்றார்.

எனக்கு உடனே கிளம்பிவிட வேண்டும் போலிருந்தது. அக்கா பயணச்சீட்டைப் பற்றிப் பேசவே இல்லை. எக்ஸ்ரேவின் படத்தை அனுப்பச் சொல்லிப் பார்த்தார், விரல்கள் வீங்கியிருக்கின்றனவா என்று கேட்டார், பிறகு நாளைய பட்டியலை எடுத்துக்கொண்டார். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் அப்பா இறந்தபோதும் அக்கா இதேபோல ஒரு முகாமில்தான் இருந்தார். காரியங்கள் முடிந்து மூன்றாம் நாள் வந்து சேர்ந்தார். அன்றிலிருந்து என் நெஞ்சில் கிடந்ததை நேற்றுவரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. இன்று சாப்பாட்டு மேசையில் சொல்லிவிட்டேன்.

அக்கா மறுத்துப் பேசவில்லை. “அன்றைக்கு உடனே புறப்பட்டிருந்தாலும் அப்பாவை உயிரோடு பார்த்திருக்க முடியாது என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ளலாம்டா. ஆனால் அது காரணமில்லை. நீ இருக்கிறாய், பார்த்துக்கொள்வாய் என்று எனக்குத் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் ஒவ்வொரு தடவையும் கிளம்பினேன். அதை உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை” என்றார். பிறகு இருவரும் ந்சிமாவையும் பயறையும் சாப்பிட்டு முடித்தோம். ந்சிமா நம் கேழ்வரகுக் களியின் வெள்ளை உறவினர்.

இதை எழுதலாமா என்று கேட்டேன். எழுது என்றார்.

ஆறாம் நாள், வியாழக்கிழமை

நாங்கள் கொண்டுவந்த சிறு நீராவிக் கொதிகலனின் ரப்பர் வளையம் காலையில் கிழிந்துவிட்டது. கருவிகளைக் கிருமி நீக்க மருத்துவமனையின் பொதுக் கொதிகலனுக்கு ஒவ்வொரு முறையும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. நாள் முழுவதும் 26 பேருக்கு மேல் முடியவில்லை.

ஒரு மீனவருக்குப் புரையை எடுக்கும்போது பின்னுறை கிழிந்துவிட்டது. லென்ஸைத் தாங்க உறை இல்லாததால் அதை வைக்கவில்லை. அறுத்தவர் அக்காதான். பதிவேட்டில் நான் தயங்கியதைப் பார்த்து, “சிக்கல் என்ற கட்டத்தில் எழுது, என் பெயரையும் எழுது” என்றார். மீனவரின் கண் தேறிய பிறகு தடித்த கண்ணாடி போட்டால் நடமாடும் அளவுக்குப் பார்வை கிடைக்கும். பத்து பவர் கண்ணாடி இந்த ஊரில் கிடைக்காது. லிலோங்வேயில் செய்து அனுப்ப வேண்டும். அம்மாவுக்கு வலி குறைந்திருக்கிறது. என் மகளுக்கு ஐந்தாம் மாதப் பரிசோதனை நல்லபடியாக முடிந்தது என்ற செய்தியும் இன்றுதான் வந்தது.

ஏழாம் நாள், வெள்ளிக்கிழமை: ஒப்படைப்பு

கடைசிக் கட்டுகளைப் பிரித்தோம். மூன்று நாளில் புதனன்று செய்த 34 பேரையும் சேர்த்து 91 பேர்; அதில் 40 பேருக்கு அறுத்தவர் கிளினிக்கல் ஆபீசர். எங்கள் ஊரில் இதை யாராவது பேசினால் 91 பேருக்கும் பார்வை கொடுத்தவர் அக்கா என்றுதான் சொல்வார்கள். ஆகையால் இந்தக் கணக்கை இங்கே எழுதிவைக்கிறேன்.

பிற்பகல் முழுவதும் அக்காவும் கிளினிக்கல் ஆபீசரும் பதிவேட்டை வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார்கள். சொட்டு மருந்தைப் படிப்படியாகக் குறைத்து ஆறு வாரம் விட வேண்டும். முதல் வாரத்தில் கண் சிவந்து வலித்தால் அன்றே வர வேண்டும், மறுநாள் வரை காத்திருந்தால் கண் போய்விடக்கூடும். ஆறாவது வாரத்தில் எல்லோருக்கும் பார்வையை அளக்க வேண்டும். இத்தனையும் நடக்கும்போது நாங்கள் இங்கே இருக்கமாட்டோம். வராதவர்களைத் தேடிப் போகும் மோட்டார் சைக்கிளுக்கு எரிபொருள் வாங்கவென்று முகாமுக்கான பணத்தில் ஒரு பகுதியை அக்கா தொடக்கத்திலேயே ஒதுக்கி வைத்திருந்தார். நன்கொடையாளர்கள் லென்ஸுக்குக் கொடுப்பார்களே தவிர பெட்ரோலுக்குக் கொடுக்கமாட்டார்கள் என்பது அவருடைய நெடுநாள் புலம்பல்.

அந்த அம்மையார் என்னிடம் பதிவேட்டை வாங்கிக்கொண்டபோது, இதுவரை வந்த குழுக்கள் பலவும் புகைப்படங்களை அனுப்பியிருக்கின்றன, பட்டியலைத் தந்தவை குறைவு என்றார். என் கையெழுத்து படிக்கும்படி இருக்கிறது என்றும் சொன்னார். நாற்பது ஆண்டுப் பணியில் யாரும் எனக்குச் சொல்லாத பாராட்டு அது.

எட்டாம் நாள், சனிக்கிழமை: திரும்பும் வழியில்

அடிஸ் அபாபா விமான நிலையத்திலிருந்து இதை எழுதுகிறேன். அக்கா நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருக்கிறார். போகும்போது நான்கு பெட்டிகள், இப்போது ஒன்று.

ஆறு வாரங்களுக்குப் பிறகு

நாட்குறிப்பு முடிந்துவிட்டது என்று நினைத்தவர்களுக்காக ஒரு பின்குறிப்பு. கிளினிக்கல் ஆபீசரிடமிருந்து நேற்று பட்டியல் வந்தது. 91 பேரில் 78 பேர் தாமாகவே மருத்துவமனைக்கு வந்திருக்கிறார்கள். ஒன்பது பேரை மோட்டார் சைக்கிளில் கிராமத்துக்கே போய்ப் பார்த்திருக்கிறார். நான்கு பேர் இன்னும் அகப்படவில்லை. அவர்களின் கிராமத் தலைவர்களிடம் சொல்லிவைத்திருக்கிறாராம். ப்ளான்டையருக்குப் போன குழந்தைக்கு ஒரு கண்ணில் அறுவை முடிந்திருக்கிறது, மற்றதற்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள்.

அம்மாவுக்கும் இந்த வாரம்தான் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். பயிற்சிக்காகக் கொடுத்த ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டே, லென்ஸ் வைக்க முடியாத அந்த மீனவருக்குக் கண்ணாடி போய்ச் சேர்ந்ததா என்று கேட்டார். சேர்ந்துவிட்டது, படமும் வந்திருக்கிறது. தொலைபேசியில் அதைப் பெரிதாக்கிக் காட்டினேன். வலைக்கு அருகில் நிற்கிறார், கண்ணாடியின் ஒரு பக்கக் கம்பியில் நீல நைலான் நூல் சுற்றியிருக்கிறது. ஓடத்தில் குனியும்போது தண்ணீரில் விழுந்துவிடாமல் இருக்கத்தான் அந்த நூல் என்று நான் விளக்கம் சொல்ல, அம்மா படத்தை இன்னும் பெரிதாக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, “நூல் இருக்கட்டும், கம்பி அவர் காதுக்கு எட்டவில்லை பார், அளவு எடுக்காமல் அனுப்பியிருக்கிறார்கள்” என்றார். அக்காவிடம் சொன்னேன். அடுத்த கண்ணாடிக்கு அளவு கேட்டு எழுதியிருக்கிறார்.